மின்னொளி கபடிக்கு எந்த கேமரா? கையில் இருப்பது 45,000 ரூபாய்

களத்துமேடு (கேள்வி)

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். 11 வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறேன். கேமரா பற்றி எதுவும் தெரியாது. போனில் எடுப்பதோடு சரி.

எங்கள் விளையாட்டுச் சாமான் அறை பீரோவில் ஒரு பேப்பர் கட்டிங் ஒட்டியிருக்கிறது. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய கண்ணகி நகர் கார்த்திகாவின் படம். பிள்ளைகள்தான் ஒட்டினார்கள். மழை ஈரத்தில் மூலை சுருண்டுகொள்ளும், அவர்களே சோற்றுப் பருக்கை வைத்துத் திரும்ப ஒட்டுவார்கள். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், "மிஸ், நாம ஆடுற மாதிரி ஒரு போட்டோகூட நம்மகிட்ட இல்லையே" என்றாள். உண்மைதான். கோப்பையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிற படங்கள் சுவர் நிறைய இருக்கின்றன. ஆடுகிற படம் ஒன்றுகூட இல்லை.

முயற்சி பண்ணாமல் இல்லை. மாசி மாதம் பக்கத்து ஊரில் மின்னொளி கபடி. எங்கள் பிள்ளைகளுக்கு மஞ்சள் பனியன். என் போனில் எடுத்த படத்தில் ரைடர், அதாவது பாடிப் போகிற பிள்ளை, நிற்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு மஞ்சள் தீற்றல்தான் இருந்தது. முகம் இல்லை, கை இல்லை. வீடியோவில் கறுப்புக் கறுப்பாகப் பட்டை மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்குப் படம் எடுக்க வந்திருந்த தம்பி ஒருவர் ஃபிளாஷ் போட்டார். இரண்டாவது ரைடிலேயே அம்பயர் விசில் அடித்து நிறுத்திவிட்டார்.

முன்னாள் மாணவிகள் சேர்ந்து 45,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளை அனுப்பிய 500 ரூபாயும் அதில் இருக்கிறது. அதனால் இதில் ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

எனக்கு வேண்டியது மூன்று. பகலில் நடக்கிற குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில் படம் எடுக்க வேண்டும். ராத்திரி மின்னொளிப் போட்டிகளிலும் எடுக்க வேண்டும். வீடியோவும் வேண்டும். அது பேஸ்புக்கில் போடுவதற்கு இல்லை. கைகோத்து நிற்கிற செயின் எங்கே விட்டுப் போனது, யார் கால் முந்தியது என்று மறுநாள் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு.

கடையில் விசாரித்தேன். புதுக் கேமரா ஒன்று, கூட இரண்டு லென்ஸ், 24 மெகாபிக்சல், பை இலவசம் என்றார்கள். ஒரு நொடிக்கு எத்தனை படம் எடுக்கும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது போதுமா? பழைய கேமரா வாங்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

இராப்பறவை

டீச்சர், வணக்கம். பழசு பக்கம் போகாதீங்க. இப்ப எல்லாம் மிரர்லெஸ்தான், உள்ள கண்ணாடி இல்லாத புது வகை. கேனான் ஆர்50 பாருங்க. 2023-ல வந்தது. ஆள் முகத்தை, கண்ணைத் தானா கண்டுபிடிச்சு ஃபோகஸை விடாம பிடிச்சுக்கும். நொடிக்கு 12 படம். வீடியோ 4கே. கேமரா கூடவே வர்ற கிட் லென்ஸோட எடுத்தா உங்க பட்ஜெட்டைத் தாண்டும்தான், ஆனா இன்னும் கொஞ்சம் வசூல் பண்ண முடிஞ்சா கவலையே இல்லாம இருக்கலாம். நான் அதை வச்சுத்தான் பைக் ரேஸ் எடுக்கிறேன்.

பழைய லென்ஸ்

டீச்சர், நான் தஞ்சாவூர் பக்கம் கல்யாண வீடியோ, போட்டோ எடுக்கிறவன். 12 வருஷமா மின்னொளி கபடி எங்க நடந்தாலும் போய்க்கிட்டு இருக்கேன். அதுக்குக் காசு வாங்கினதில்லை, ஆசைதான். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

இராப்பறவை தம்பி சொல்ற கேமரா நல்ல கேமரா. ஆனா பைக் ரேஸ் வெயில்ல நடக்குது. நீங்க கேக்குறது ராத்திரி, நாலு மூலையில கம்பு நட்டு லைட் கட்டின களம். ஆர்50 கூட வர்ற 18-45 கிட் லென்ஸை ஜூம் பண்ணினா எஃப் 6.3 ஆயிடும். எஃப் எண் கூடக் கூட லென்ஸ் வாய் சின்னதாகும், உள்ள வர்ற வெளிச்சம் குறையும். எஃப் 1.8 லென்ஸோட ஒப்பிட்டா 12 மடங்கு வெளிச்சம் குறைவு. எந்தக் கேமராவா இருந்தாலும் அந்த லென்ஸ் வழியா உள்ள வராத வெளிச்சத்தை அது எங்க போய்த் தேடும்?

உங்க மஞ்சள் தீற்றலுக்குக் காரணம் இதுதான். ரைடர் எட்டி உதைக்கிறப்ப கால் நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வச்சுக்குங்க. போன் இருட்டுல 1/60 நொடி ஷட்டரைத் திறந்து வச்சா அதுக்குள்ள கால் 8 சென்டிமீட்டர் நகர்ந்துடும். உடம்பும் சேர்ந்து நகருது, உங்க கையும் ஆடுது, எல்லாம் சேர்ந்துதான் கோடு. அதையே 1/640-ல எடுத்தா கால் நகர்றது 1 சென்டிமீட்டருக்கும் உள்ள. விரல் தெரியும், விரல்ல ஒட்டியிருக்கிற செம்மண்ணும் தெரியும். என் அனுபவத்துல கபடிக்கு 1/500-க்குக் கீழ இறங்கவே கூடாது. 1/640 வசதி.

இப்ப கணக்கைப் பாருங்க. எங்க பக்கத்துக் கிராமத்துக் களத்துல எனக்கு வழக்கமா வர்றது 1/640, எஃப் 2, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டுற அளவு) 3200. கொஞ்சம் மணல்மணலா இருக்கும், ஆனா பேப்பர்ல போடலாம், பெரிசா பிரின்ட் போட்டுச் சுவர்லயும் மாட்டலாம். அதே வெளிச்சம், அதே ஷட்டர், கடைக்காரர் குடுக்கிற ரெண்டாவது லென்ஸ் எஃப் 5.6. 8 மடங்கு வெளிச்சம் போச்சு. ஐ.எஸ்.ஓ. 25600 வேணும். முகம் முகமா இருக்காது. அந்தச் செட்டுல ரெண்டு லென்ஸ் இருந்தும் ராத்திரிக்கு ஒண்ணுகூட ஆகாது டீச்சர். பகலுக்கு மட்டும் ரெண்டுக்குச் செலவழிச்ச மாதிரி ஆயிடும்.

அதனால முதல்ல லென்ஸை முடிவு பண்ணுங்க, அப்புறம் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா. கேனான்ல 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். சின்னது, உள்ளங்கையில அடங்கும், விலையும் உங்க கைக்கு அடங்கும். 85 மி.மீ. எஃப் 1.8 வாங்கச் சொல்லி நிறைய பேர் சொல்வாங்க. அதோட ஃபோகஸ் 50-ஐ விட வேகம், படமும் அழகு. ஆனா பெண்கள் களத்துக்கு அது முதல் லென்ஸ் இல்லை. ஏன்னு சொல்றேன்.

பெண்கள் களம் 12-க்கு 8 மீட்டர், உங்களுக்குத் தெரியாததா. ஒரு பாதி 6 மீட்டர். நடுக்கோட்டுலேர்ந்து, ரைடர் தாண்ட வேண்டிய பாக் லைன் 3 மீட்டர். நான் எண்ட் லைனுக்கு 3 மீட்டர் பின்னால, மூலையை ஒட்டித் தரையில உக்காருவேன். அங்கேருந்து பாக் லைன் 6 மீட்டர். 50 லென்ஸ்ல அந்தத் தூரத்துல 2.7 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் படத்துக்குள்ள வரும். ரைடர், அவ கால்ல விழுற கார்னர், மேல வந்து அணைக்கிற கவர், மூணு பேரும் உள்ள இருப்பாங்க. 85 போட்டா ஒன்றரை மீட்டர் அகலம்தான். கை வெட்டுப்படும், இல்லைன்னா பிடிக்கிறவ யாருன்னே தெரியாது. கபடியில பிடிக்கிற கைக்கும் பிடிபடுற உடம்புக்கும் நடுவுலதான் படம் இருக்கு.

எந்தப் பக்கம் உக்காரணும்னா, முதல் பாதியில எதிரணி தற்காக்கிற பக்கத்து எண்ட் லைன்ல. அப்பதான் உங்க பிள்ளைங்க உங்களைப் பாத்து ரைடு வருவாங்க, முகம் கிடைக்கும். இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறுறப்ப நீங்களும் எழுந்து எதிர்ப்பக்கம் போங்க.

பாடிக்கு என் வாக்கு கேனான் 80டி, செகண்ட் ஹேண்ட். 2016-ல வந்தது. நொடிக்கு 7 படம், 45 ஃபோகஸ் புள்ளி. ஒரு பேட்டரி 900 படத்துக்கு மேல தாங்கும். ராத்திரி 8 மணிக்கு ஆரம்பிச்சு விடியக்காலை ஃபைனல் முடியிற போட்டிக்கு அது பெரிய நிம்மதி. இதுல ரெண்டு விஷயம் உங்களுக்குன்னே வச்ச மாதிரி இருக்கு.

ஒண்ணு, லைட் துடிப்பு. நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால மட்டமான எல்.இ.டி. லைட்டும் பழைய மெட்டல் ஹாலைடு லைட்டும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா 1/640-ல அடுத்தடுத்து எடுத்தா ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு, அதுக்கடுத்தது பாதி ஆரஞ்சு. 80டி-யில ஆன்டி ஃபிளிக்கர்னு ஒரு வசதி இருக்கு. அதைப் போட்டுட்டா லைட் உச்சத்துக்கு வர்ற நேரம் பாத்து ஷட்டர் அடிக்கும். வேகம் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. வியூஃபைண்டர்ல கண்ணை வச்சு எடுக்கணும், பின்னால இருக்கிற திரையைப் பாத்து எடுத்தா இது வேலை செய்யாது. இன்னும் விலை குறைவா 70டி கிடைக்கும், நானும் அதைத்தான் பல வருஷம் வச்சிருந்தேன். அதுல இந்த வசதி இல்லை. 10 படத்துல 4 படம் நிறம் கெட்டுப் போகும். கிடைக்காம கிடைச்ச டைவ் ஒண்ணு அப்படிப் பாதி ஆரஞ்சாப் போனது இன்னும் மனசுல கிடக்கு.

ரெண்டாவது, வீடியோ ஃபோகஸ். 80டி-யில டூயல் பிக்சல் ஃபோகஸ் இருக்கு, ஆள் முன்னால வந்தா அலையாம மெதுவா பின்தொடரும். நிக்கான் டி7200 அருமையான கேமரா, போட்டோவுக்கு மட்டும்னா அதையும் தைரியமா வாங்கலாம். ஆனா வீடியோவுல ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கிட்டே இருக்கும். சோனி ஏ6000 நொடிக்கு 11 படம் எடுக்கும், ஆனா மைக் சொருக இடமே இல்லை, பேட்டரியும் சீக்கிரம் காலி.

நொடிக்கு எத்தனை படம்னு கடைக்காரர் சொல்றதைப் பெரிசா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு அவரை விடக் கபடி தெரியும். ரைடர் பாடுற பாட்டு ஒரு இடத்துல இறுகும் பாருங்க, "கபடி கபடி"ங்கிறது குட்டையாகி மூச்சுல அடிக்கும். கால் நீட்டப் போறவ அதுக்கு முன்னால இடுப்பைத் தாழ்த்துவா. அந்த இடத்துல பட்டனை அமுக்கினா 5 படம் போதும். அது தெரியாதவன் 20 படம் எடுத்தாலும் கால் திரும்பி வர்றதைத்தான் எடுப்பான்.

பனியை மறந்துடாதீங்க. தை, மாசி ராத்திரி ஒரு மணிக்கு மேல நம்ம பக்கம் கண்ணாடி வேர்க்கும். பருத்தித் துணி ஒண்ணு கழுத்துல போட்டுக்குங்க. களத்து ஓரத்துல லென்ஸ் மாத்தாதீங்க, செம்மண்ணும் மரத்தூளும் உள்ள போயிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அன்னைக்கு அம்பயர் செஞ்சது சரி. எதிர்ல நிக்கிற பிள்ளைக்குக் கண்ணு கூசினா கழுத்து மாட்டிக்கும்.

இராப்பறவை

அண்ணா, ராத்திரி லைட்டை நான் யோசிக்கலை. நீங்க சொல்றது சரி. ஆர்50-க்கும் 50 எஃப் 1.8 லென்ஸ் தனியா இருக்கு, ஆனா பாடியும் அதுவும் சேர்ந்தா டீச்சர் பணத்துக்குள்ள வராது.

களத்துமேடு

பழைய லென்ஸ் அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 2.7 மீட்டர் கணக்கைப் படித்துவிட்டு இன்று மாலை சுண்ணாம்புக் கோட்டில் டேப் வைத்து அளந்து, பிள்ளைகளை நிற்க வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரி மூன்று பேர் அடங்குகிறார்கள்.

இரண்டு சந்தேகம். 50 லென்ஸில் ஜூம் இல்லையே, பகல் போட்டிக்கு என்ன செய்வது? ராத்திரி நான் படம் எடுத்துக்கொண்டிருந்தால் வீடியோ யார் எடுப்பது?

கோட்டுக்காரி

டீச்சர், நான் பல்கலைக்கழக அணி வரைக்கும் ஆடியவள். லெஃப்ட் கார்னர். இப்போது முட்டி போய்விட்டதால் கிளப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வீடியோ பற்றி நான் சொல்கிறேன்.

வீடியோவைக் கேமராவில் எடுக்காதீர்கள், உங்கள் போனிலேயே எடுங்கள். கேமரா ரைடர் பின்னாலேயே போகும். நமக்குப் பாடம் நடத்த வேண்டியது ரைடர் இல்லாத பக்கத்தில். லெஃப்ட் கார்னர் உள்ளே வரும்போது ரைட் கவர் எங்கே நிற்கிறாள், செயின் கை எப்போது விட்டது, இதெல்லாம் தெரிய ஏழு பேரும் எப்போதும் படத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு அசையாத ஸ்டாண்டு போதும்.

எண்ட் லைனுக்கு 6 மீட்டராவது பின்னால் வையுங்கள். போனின் சாதாரண லென்ஸில் அந்தத் தூரத்தில்தான் 8 மீட்டர் அகலமும் அடங்கும். வைட் லென்ஸை மாற்றி வைத்துக் கிட்டேயே நிற்கலாம் என்று நினைப்பீர்கள், பெரும்பாலான போன்களில் அந்த லென்ஸ் ராத்திரிக்கு இருட்டடிக்கும். உயரம் முக்கியம். தரையில் வைத்தால் பின்வரிசை முன்வரிசையை மறைத்துவிடும். பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு அதன் மேல் ஸ்டாண்டு, அல்லது விழா மேடை அந்தப் பக்கம் இருந்தால் மேடை ஓரம். சப்ஸ்டிட்யூட் பிள்ளை ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவளும் ஆட்டத்தைக் கவனிப்பாள்.

அந்தக் கறுப்புப் பட்டைக்கும் அண்ணன் சொன்ன லைட் துடிப்புதான் காரணம். பல போன் கேமராக்களில் புரோ வீடியோ என்று இருக்கும், அதில் ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் நிறுத்துங்கள். 1/100 என்றால் ஒவ்வொரு காட்சிக்குள்ளும் லைட்டின் ஒரு முழுத் துடிப்பு அடங்கிவிடும், பட்டை நின்றுவிடும். தானாக விட்டால் போன் 1/120-க்குத் தாவும், பட்டை திரும்ப ஓட ஆரம்பிக்கும்.

போனஸ் லைனைத் தாண்டிக் கூடுதல் புள்ளி எடுக்கிற காலைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் 80டி-யை எடுங்கள், அதுவும் பயிற்சியின்போது. மெனுவில் பால் (PAL) என்ற வீடியோ முறையை வைத்தால் நொடிக்கு 50 காட்சி எடுக்கலாம். போனஸ் லைனுக்கு நேராகப் பக்கவாட்டில், களத்தின் ஓரப் பட்டையான லாபிக்கு வெளியே, முழங்கால் உயரத்தில் வையுங்கள். 25 காட்சி என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கால் 20 சென்டிமீட்டர் தாண்டிவிடும், கோட்டைத் தொட்ட நொடியே அதில் இருக்காது. 50-ல் 10 சென்டிமீட்டர். முன்கால் கோட்டைத் தாண்டும்போது பின்கால் காற்றில் இருந்ததா என்பதை நிறுத்தி நிறுத்திக் காட்டலாம். என் கிளப்பில் ஒரு பிள்ளை தன் பின்கால் எப்போதும் தூக்கித்தான் இருக்கிறது என்று ஒரு வருஷம் சாதித்தாள். ஒரு தடவை பார்த்தாள், அடுத்த வாரம் திருத்திக்கொண்டாள். அந்தக் கேமரா ஒரே மூச்சில் 29 நிமிடம் 59 நொடிதான் ரெக்கார்டு பண்ணும். பெண்களுக்கு ஒரு பாதி 15 நிமிடம்தானே, கவலை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஆடிய காலத்தில் யாரோ எடுத்த என் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. பிடித்து இழுக்கும்போது பனியன் மேலேறிய நொடி. ஆட்டத்தில் அது எங்களுக்கு ஒன்றுமே இல்லை, உணரக்கூட மாட்டோம். படமாக நின்றுவிட்டால் வேறு. அதற்குப் பிறகு என் அப்பா இரண்டு மாதம் என்னைக் களத்துக்கு அனுப்பவில்லை. ஜில்லா செலக்‌ஷன் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் நடந்தது. அதனால் டீச்சர், கார்டில் இருக்கிற படங்களை முதலில் நீங்கள் ஒருத்தர் மட்டும் பாருங்கள். அப்படிப்பட்டதை அங்கேயே அழித்துவிடுங்கள். மீதியைப் பிள்ளைகளிடம் காட்டி, எதை வெளியே விடலாம் என்று அவர்களையே சொல்ல விடுங்கள். மூலையிலிருந்து எடுக்கச் சொல்கிறாரே அண்ணன், அது இதற்கும் நல்லது. நேர் பின்னாலிருந்து எடுக்காதீர்கள்.

பழைய லென்ஸ்

கோட்டுக்காரி தங்கச்சி சொன்ன கடைசி விஷயம் எனக்குத் தோணவே இல்லை. இத்தனை வருஷமா ஆம்பளைப் பசங்க ஆட்டத்தையே எடுத்துக்கிட்டு இருந்துட்டேன். எழுதினதுக்கு நன்றிம்மா.

டீச்சர், பகலுக்கும் அந்த 50-ஏ போதும். களம் ஒண்ணுதானே, தூரமும் ஒண்ணுதான். வெயில்ல எஃப் 4, ஷட்டர் 1/1600 வைங்க. கால் கிளப்புற மண்ணு துகள் துகளா நிக்கும். பின்னால எப்பவாவது பணம் வந்தா 55-250 எஸ்.டி.எம். பழசு வாங்கிக்கலாம், ஓட்டப் பந்தயம், நீளம் தாண்டுதலுக்கு ஆகும்.

பழசு வாங்குறப்ப என்ன பாக்கணும்னு சொல்லிடுறேன். பகல்ல போங்க, டார்ச் கொண்டு போங்க. லென்ஸோட பின் மூடியையும் கழட்டிட்டு ஒரு பக்கம் டார்ச் அடிச்சு மறுபக்கத்துலேர்ந்து சாய்ச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி மெல்லிசா நூல் ஓடியிருந்தா அது ஃபங்கஸ். டெல்டா ஈரத்துக்கு அது நம்ம ஊர் வியாதி. "துடைச்சா போயிடும்"னு சொல்வாங்க, போகாது. நான் அப்படி ஒரு லென்ஸை நம்பி வாங்கி, எதிர்ல லைட் வந்தாலே படம் பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போய், ஒரு கல்யாண வரவேற்பு ஆல்பத்தையே திரும்ப பிரின்ட் போட்டுக் குடுத்தேன். தூசி நாலு இருந்தா அதைப் பத்திக் கவலை வேண்டாம்.

பாடிக்கு ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளுங்க. 80டி-க்குக் கம்பெனி சொல்ற கணக்கு 1,00,000. கல்யாண வேலை பாத்த கேமரான்னா அதைத் தாண்டியிருக்கும். 40, 50 ஆயிரத்துக்குள்ள இருந்தா நல்லது. லேப்டாப்ல கேபிள் போட்டு மென்பொருள் வச்சுத்தான் அந்த எண்ணைப் பாக்க முடியும். விக்கிறவர்கிட்டயே காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க. எஃப் 16 வச்சு வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்க, கறுப்புப் புள்ளி இருந்தா சென்சார் அழுக்கு. விலை குறைக்கக் கேக்கலாம், எஃப் 2-ல அது தெரியாது. அப்புறம் எஃப் 1.8 வச்சு, 3 மீட்டர் தள்ளி நிக்கிற ஆளோட கண்ணை ஃபோகஸ் பண்ணி 10 படம் எடுங்க. கண்ணை விட்டுட்டுக் காது மட்டும் பளிச்னு இருந்தா ஃபோகஸ் பின்னால விழுதுன்னு அர்த்தம். 80டி மெனுவுலயே அதைத் திருத்த வழி இருக்கு, பயப்பட வேண்டாம். பேட்டரி உப்பலா இருக்கான்னு தடவிப் பாருங்க. பில், பெட்டி, சீரியல் நம்பர் மூணும் ஒத்துப் போகணும்.

வாங்கின பிறகு எழுதுங்க, செட்டிங் சொல்றேன்.

களத்துமேடு (ஆறு வாரம் கழித்து)

எல்லோருக்கும் வணக்கம். வாங்கிவிட்டோம். 80டி பாடி 31,000. ஷட்டர் எண்ணிக்கை 38,000 சொச்சம். விற்றவர் கேட்டவுடனே லேப்டாப்பில் காட்டினார். 50 லென்ஸ் 6,000. முதலில் பார்த்த லென்ஸில் டார்ச் அடித்தபோது அண்ணன் சொன்ன வலை தெரிந்தது, வைத்துவிட்டு வந்துவிட்டேன். கார்டு இரண்டு 1,500. ஸ்டாண்டு 3,200. மீதி 3,300 ரூபாய் இருக்கிறது. ஒவ்வொரு செலவுக்கும் ரசீதைப் போட்டோ எடுத்து முன்னாள் மாணவிகள் குழுவில் போட்டிருக்கிறேன்.

பள்ளிக் களத்தில் மூன்று வாரம் பழகினேன். போன சனிக்கிழமை முதல் மின்னொளிப் போட்டி. மூலையில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். 1/640, எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 4000 வந்தது. எங்கள் ஆட்டம் ராத்திரி பதினொன்றரைக்கு. 412 படம் எடுத்ததில் தெளிவாக வந்தது 60, அதில் நெஞ்சில் நிற்பது 9.

ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு போட்டோ கேட்டாளே, அந்தப் பிள்ளைதான் ரைடு. கார்னர் அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். இரண்டு பேர் இடுப்பில், ஒருத்தி தோளில். அவள் நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டியிருக்கிறாள். சடை பக்கவாட்டில் அப்படியே காற்றில் நிற்கிறது, ரிப்பன் முனை அவிழ்ந்திருக்கிறது. முழங்கையில் ஈர மண். நடுக்கோட்டுக்கும் விரலுக்கும் ஒரு ஜாண் இருக்கிறது. அந்த ரைடில் அவள் அவுட். அவள் போனஸ் எடுத்த படமும் நன்றாகவே வந்திருக்கிறது, அதைப் பெரிதாக்கித் தரட்டுமா என்று கேட்டேன். "இல்ல மிஸ், இதுதான். என்னைப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்துச்சு பாருங்க" என்றாள். இந்தப் படத்துக்கே 12-க்கு 18 அங்குல அளவில் பிரின்ட் சொல்லியிருக்கிறேன்.

கோட்டுக்காரி, நீங்கள் சொன்னபடி முதலில் நான் மட்டும் பார்த்து 31 படங்களை அழித்தேன். பிள்ளைகள் இன்னும் 6 படம் வேண்டாம் என்றார்கள், காரணம் கேட்கவில்லை. போன் வீடியோவில் பட்டை இல்லை. ஆட்டத்தில் நாங்கள் ரைடரைப் பிடிக்கப் போய் விட்ட 5 டேக்கிளில் 3-க்கு ஒரே காரணம் என்று திங்கள்கிழமை பார்த்தபோதுதான் தெரிந்தது. ரைடர் திரும்புவதற்கு முன்பே எங்கள் ரைட் இன் இடத்தில் நிற்கிற பிள்ளை ஒரு எட்டு பின்னால் போகிறாள், செயின் அங்கே நீண்டு கை விட்டுப் போகிறது. களத்துக்கு வெளியே நின்று 11 வருஷமாக நான் ரைடரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அண்ணா, ஒரு பிரச்சினை. பாதிப் படங்களில் ஃபோகஸ் எங்கள் ரைடர் மேல் இல்லை. குறுக்கே வருகிற டிஃபெண்டர் முதுகுக்கோ, பின்னால் கட்டியிருக்கிற பிளெக்ஸுக்கோ தாவிவிடுகிறது. 45 புள்ளியும் போட்டுத்தான் எடுத்தேன். தவறா?

பழைய லென்ஸ்

படத்தைப் பாத்தேன் டீச்சர். அந்த ரிப்பன் முனை. ரெண்டு தடவை பெரிசு பண்ணிப் பாத்தேன்.

45-ம் வேண்டாம். எதை எடுக்கணும்னு கேமராவே முடிவு பண்ணும், அது கிட்ட இருக்கிற முதுகைத்தான் எடுக்கும். ஸோன் வைங்க, நடுவுல 9 புள்ளி. ஏ.ஐ. சர்வோ, அதாவது ஆள் நகர நகர ஃபோகஸும் கூடவே போற முறை. கஸ்டம் ஃபங்ஷன்ல டிராக்கிங் சென்சிடிவிட்டின்னு ஒண்ணு இருக்கு, அதை மைனஸ் 1-க்குக் கொண்டு வாங்க. யாராவது குறுக்க போனாலும் உடனே தாவாது, கொஞ்சம் பொறுத்துப் பாக்கும். ஃபோகஸை ஷட்டர் பட்டன்லேர்ந்து எடுத்து, பின்னால இருக்கிற ஏ.எஃப். ஆன் பட்டனுக்கு மாத்திக்குங்க. ரைடர் நடுக்கோட்டைத் தாண்டுறப்பவே கட்டை விரல்ல அதை அமுக்கிப் பிடிச்சு மார்புக்கு நேரா வச்சுக்கிட்டே வாங்க. யாராவது மறைச்சா கட்டை விரலை எடுத்துடுங்க, விலகினதும் திரும்ப அமுக்குங்க. எஃப் 2-ல 6 மீட்டர் தூரத்துல தெளிவா நிக்கிறது மொத்தம் 1 மீட்டர் ஆழம்தான், அதனால கொஞ்சம் தப்பும். வெளிச்சம் நல்லா இருக்கிற களமா இருந்தா எஃப் 2.8-க்குப் போங்க.

மீதி 3,300-ல முதல்ல இன்னொரு பேட்டரி வாங்குங்க. வடுவூர் பக்கம் போட்டி வர்றப்ப ஒரு வார்த்தை எழுதுங்க, நான் என் 85-ஐ எடுத்துக்கிட்டு வர்றேன். எதிர் மூலையில உக்காந்துக்கிறேன்.